பத்து ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும்

வீட்டில் எடுத்த வீடியோக்களைத் தொகுக்க மலிவான மென்பொருள் தேடுகிறவர்கள், பெரும்பாலும் விலையையும் வசதிகளையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வீட்டுப் படத்துக்கு இந்த இரண்டு அளவுகோல்களும் போதாது என்பது என் கருத்து. கல்யாண ஸ்டுடியோவில் உட்காரும் எடிட்டர் ஒரு வேலையை முடித்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடுவார். அவருக்கு வேகம் முக்கியம். வீட்டுப் படம் அப்படி முடிந்துபோவதில்லை. வளைகாப்பில் எடுத்த காட்சி குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்குள் வந்து சேரும். தாத்தா காலமான பிறகு, முன்பு வெட்டிச் சுருக்கிய அவர் பேச்சை முழுசாகப் போட்டுத் தரும்படி கேட்பார்கள். வெளியூர் அக்காவுக்குச் சின்னதாக ஒரு பிரதி வேண்டியிருக்கும். ஆகவே, இந்த வேலையைப் பத்து ஆண்டு கழித்தும் திறந்து மாற்ற முடியுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விலை அதற்குப் பிறகு வரட்டும்.

இந்தக் கேள்விக்கு வலுவான முன்னுதாரணங்கள் இருக்கின்றன. விண்டோஸ் மூவி மேக்கர் 2000-இல் வந்தது. இலவசம், எளிது, கணினியிலேயே இருந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாப்ட் அதைக் கைவிட்டது. அதன் ப்ராஜெக்ட் கோப்பில் வீடியோ எதுவும் இருக்காது. எந்த கிளிப்பை எங்கே வெட்டினோம், எங்கே ஒட்டினோம் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். அந்தக் குறிப்புகளைப் படிக்க மற்ற மென்பொருள்களுக்குத் தெரியாது. காசு கொடுத்து வாங்கினால் இந்தக் கதி வராது என்றும் சொல்ல முடியாது. ஆப்பிள் 2011-இல் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை வெளியிட்டபோது, அதற்கு முந்தைய பதிப்பில் செய்த வேலைகளை அதில் திறக்க முடியவில்லை. தொழில்முறை எடிட்டர்களே கொதித்துப் போனார்கள். 2020 ஜூனில் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. பலரும் கைபேசியில் எடிட்டிங் செய்யப் பயன்படுத்திய விவாவீடியோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. வீட்டுப் பயனர்களுக்காகவே அடோபி விற்கும் பிரீமியர் எலிமென்ட்ஸ், ஒருமுறை வாங்கினால் போதும் என்று நெடுங்காலம் பெயர் வாங்கியிருந்தது. 2025 பதிப்பிலிருந்து அதன் உரிமம் மூன்று ஆண்டுக்கு மட்டும். காரணங்கள் வேறுவேறு. எல்லாவற்றிலும் வேலை செய்தவர் கையில் இருந்த கோப்பு வேறொருவர் முடிவுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது.

முடிந்த படத்தை எம்.பி.4 கோப்பாக வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். பார்ப்பதற்குப் போதும், மாற்றுவதற்குப் போதாது. எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் டைட்டில் படத்தோடு ஒட்டிப்போயிருக்கும். பின்னணி இசை பேச்சோடு கலந்திருக்கும். பாட்டின் சத்தத்தைக் குறைத்துப் பாட்டியின் குரலை மேலே கொண்டுவர வேண்டுமானால் வழியில்லை. ஏற்கெனவே சுருக்கிய படத்தை மறுபடி வெட்டி எக்ஸ்போர்ட் செய்தால் அது மறுபடி சுருங்கும், தெளிவும் ஒரு படி இறங்கும். எம்.பி.4-ஐயும் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் அசல் கிளிப்புகளும், திறக்கக்கூடிய ப்ராஜெக்ட்டும் கூடவே இருந்தால்தான் அந்த வேலை உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் முன்னே வருகின்றன. இரண்டும் திறமூல மென்பொருள்கள். முன்னது 2002-இல் தொடங்கிய திட்டம். இரண்டுக்கும் அடியில் எம்.எல்.டி. என்ற ஒரே கட்டமைப்புதான் ஓடுகிறது. இவற்றின் ப்ராஜெக்ட் கோப்பு எக்ஸ்.எம்.எல். வடிவிலான வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தாலே எந்த கிளிப், எந்த இடத்தில் வெட்டு என்று கண்ணால் படித்துவிடலாம். நாளைக்கே வளர்ச்சி நின்றாலும், கையில் இருக்கும் பதிப்பை உரிமம் கேட்காமல் நிறுவிக்கொள்ள முடியும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு ஆற்றலில் இவற்றைவிட மிகப் பெரியது. வண்ணத் திருத்தத்தில் அதற்கு ஈடே இல்லை. ஆனால் அது ப்ராஜெக்ட்டைத் தனிக் கோப்பாக வைக்காமல் ஒரு தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. நாமாக நினைவு வைத்து வெளியே எடுத்துச் சேமிக்காவிட்டால், கணினியை ஃபார்மட் செய்யும் நாளில் அதுவும் போய்விடும். 16 ஜி.பி. ராமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு கைபேசிகள் பதியும் எச்.264 வீடியோவையே திறக்காது. பொருத்தமான கணினியும், வாரக்கணக்கில் கற்கும் பொறுமையும் இருப்பவர்கள் அதை எடுக்கலாம். மற்றவர்களுக்கு நான் ஷாட்கட்டையே சொல்வேன். பல அடுக்குகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கேடென்லைவ்.

இலவச மென்பொருள் திணறுகிறது, பேச்சும் உதட்டசைவும் பொருந்தவில்லை என்ற குறை அடிக்கடி வருகிறது. குறை உண்மைதான், காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. கைபேசி வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப்படமாகப் பதிவாவதில்லை. இடையிடையே ஒரு முழுப்படமும், நடுவில் மாறிய பகுதிகளின் குறிப்பும்தான் இருக்கும். டைம்லைனில் எங்கே நிறுத்தினாலும் கணினி பின்னோக்கிப் போய் அந்தப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்க வேண்டும். ஐபோன்களில் 2017 முதல் வந்த எச்.இ.வி.சி. முறை கோப்பின் அளவை ஏறக்குறையப் பாதியாக்கியது; கணக்கு வேலையைக் கூட்டியது. அதற்கு மேல், வெளிச்சம் குறைந்தால் கைபேசி நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கையையும் மாற்றிக்கொள்ளும். அதனால்தான் பேச்சு மெல்ல மெல்ல விலகுகிறது. மருந்து எளிது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் விகிதத்தை நிலையானதாக மாற்றிக்கொள்ளலாம். ஷாட்கட்டும் கேடென்லைவும் இப்படிப்பட்ட கிளிப்பைக் கண்டால் மாற்றித்தரவா என்று தாங்களே கேட்கின்றன. ப்ராக்சி வசதியை இயக்கினால் சின்ன நகலை வைத்து வெட்டும் வேலை நடக்கும், எக்ஸ்போர்ட் அசலிலிருந்து போகும். 8 ஜி.பி. ராம் உள்ள சாதாரண மடிக்கணினியிலும் இப்படி 4கே காட்சிகளைத் தொகுக்க முடியும். புதுக் கணினி வாங்கும் செலவு இங்கேயே மிச்சமாகிறது.

மென்பொருள் விமரிசனங்கள் தொடாத ஒரு சோதனை நமக்கு உண்டு. டைட்டிலில் ‘பூச்சொரிதல்’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து உட்காருகிறதா, புள்ளி வட்டத்தோடு தனியே தொங்குகிறதா என்று தெரிந்துவிடும். ஷாட்கட்டும் கேடென்லைவும் தமிழை ஒழுங்காகக் கோக்கின்றன. கோக்காத மென்பொருளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் போட்டுச் சமாளிக்கும் வழக்கம் நம் ஸ்டுடியோக்களில் வேரூன்றியிருக்கிறது. திரையில் அழகாகத்தான் தெரியும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே ப்ராஜெக்ட்டைத் திறந்தால், பாட்டியின் பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிற்கும். யூனிகோடில் அடித்தது எந்தத் தமிழ் எழுத்துருவிலும் தமிழாகவே இருக்கும்.

திருட்டுப் பிரதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சட்டப் பிரச்சினையும் வைரஸும் ஒருபுறம் இருக்க, பிரீமியரின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. அடுத்த கணினியில் எந்தப் பதிப்பின் உடைத்த பிரதி கிடைக்கும் என்பதை நம்பிக் குடும்பத்தின் படங்களை ஒப்படைக்கக் கூடாது. கைபேசிச் செயலிகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நல்லவை. அதற்கு மேல் போகிற வேலையைக் கணினிக்கு மாற்றுவது நல்லது, ஏனென்றால் பல செயலிகளில் ப்ராஜெக்ட் அந்தக் கைபேசிக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

எதை எடுப்பதாக இருந்தாலும் ஒரு மாலைப்பொழுதில் சோதித்துவிடலாம். உங்கள் கைபேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ, ஒரு பாட்டு, ஒரு தமிழ் டைட்டில் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்துத் தொகுத்துச் சேமியுங்கள். கேடென்லைவ் என்றால் ப்ராஜெக்ட்டை ஆர்கைவ் செய்யும் கட்டளையே எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகத் திரட்டித் தரும். பிறகு அந்த ஃபோல்டரை வேறொருவரின் கணினிக்குக் கொண்டுபோய், அதே மென்பொருளை அங்கே நிறுவித் திறந்து பாருங்கள். கிளிப்புகள் காணவில்லை என்றோ, கணக்கு தொடங்கிப் பணம் கட்டு என்றோ அது கேட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுப் படத்துக்கு அது வேண்டாம்.