நாலு அங்குலம், இரண்டரை அங்குலம்

பெங்களூர் டவுன் ஹாலுக்கும் மினர்வா சர்க்கிளுக்கும் இடையே ஓடும் ஜே.சி. ரோடில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கே நடக்க இடம் இருப்பதில்லை. மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய சாலை இது. ரவீந்திர கலாக்ஷேத்ராவில் மாலையில் நாடகம், இசை என்று வேறு கூட்டம் வரும். பகல் முழுவதும் கார்க்காரர்களின் ராஜ்யம்தான். சீட் கவர், ஹாரன், டயர், அலாய் வீல், பாட்டுப் பெட்டி, கண்ணாடியில் ஒட்டும் பிலிம். கடைப் பையன்கள் நடைபாதையிலேயே நின்று கார்களை மறித்து "என்ன வேணும் சார்?" என்று நாலு பாஷையில் கேட்கிறார்கள். கன்னடத்தில் ஆரம்பித்து, முகத்தைப் பார்த்துத் தமிழுக்கோ, இந்திக்கோ, உருதுக்கோ தாவிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்த வேகம் பொறாமை தருவது.

அக்கா மகனுடன் நான் அங்கே போனது இந்தச் சாமான்கள் எதற்காகவும் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு இரும்புக் குச்சி. கார்ப் பைத்தியங்கள் 'ஷார்ட் ஷிஃப்டர்' என்று சொல்லும் குட்டையான கியர் லீவர்.

கார், 2002-இல் என் அக்கா வங்கிக் கடனில் வாங்கிய ஹோண்டா சிட்டி. 1.5 லிட்டர், விடெக் என்ஜின், 106 குதிரைத் திறன். பார்வைக்குச் சாதுவான நாலு கதவுக் குடும்பக் கார்தான். ஆனால் அந்நாளில் சாமானியர் எட்டிப் பிடிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று இந்தியாவில் இருந்ததே இதைப் போன்ற இரண்டு மூன்றுதான். இன்றைக்கும் பழைய விடெக் என்றால் இருபத்தைந்து வயதுப் பையன்களின் கண்கள் விரிகின்றன. பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்து, பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டிப்பு வாங்கி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா வங்கியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கார் மகன் கைக்குப் போய்விட்டது என்று மகன் நினைக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் அதை ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகிற அக்கா அப்படி நினைக்கவில்லை.

இந்த ஊருக்குக் கார் மோகம் புதிதல்ல. பெங்களூரில் சிபானி ஆட்டோமொபைல்ஸ் 1982 வாக்கில் 'டால்பின்' என்று ஒரு சின்னக் காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரின் வார்ப்பு, உடம்பு ஃபைபர் கண்ணாடி, இரண்டே கதவு. மாருதி 800-க்கு எதிரே அதனால் நிற்க முடியவில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் ராலிக்காரர்கள் அதை விரும்பி ஓட்டினார்கள். 2001-இல் இதே ஊரிலிருந்து 'ரேவா' என்ற மின்சாரக் கார் வந்தது. அதில் கிளட்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. அன்று பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

கியர் மாற்றும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் பெங்களூர் சரியான ஊர். டாம்டாம் நிறுவனம் 2022-இல் எடுத்த கணக்குப்படி நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடம் 10 விநாடி ஆனது. சைக்கிள்காரர் கொஞ்சம் மூச்சுப் பிடித்தால் எட்டிவிடும் வேகம். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர் என்று இடது முழங்கால் தேய்கிற ஊரில், கியரை விநாடியின் ஒரு பின்னம் சீக்கிரமாக மாற்றுவதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பதை என்னவென்று சொல்வது? இதை மருமகனிடமே கேட்டேன்.

"வேகத்துக்கு இல்ல மாமா. கைக்கு" என்றான்.

1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 'மியாட்டா' என்ற இரண்டு சீட் திறந்த காரைக் கொண்டுவந்தபோது உலகம் கொண்டாடிய விஷயங்களில் ஒன்று அதன் குட்டையான கியர் லீவர். மணிக்கட்டை அசைத்தால் போதும், 'டக்' என்று விழும். அந்தக் காரில் லீவர் நேரே கியர் பாக்ஸுக்குள் இறங்குகிறது. நம் ஊர்க் கார்களில் அப்படி இல்லை. முன் சக்கரம் இழுக்கும் கார்களில் என்ஜினும் கியர் பாக்ஸும் பானெட்டுக்குள் குறுக்காகக் கிடக்கின்றன. லீவர் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கிறது. இடையே ஒரு கம்பியோ, இரண்டு கேபிளோ சேதியைக் கொண்டுபோக வேண்டும். பழைய சிட்டியில் கம்பி. வழியில் உள்ள ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ். ஒவ்வொரு புஷ்ஷும் தேயும்.

ஷார்ட் ஷிஃப்டரில் மாயம் எதுவும் இல்லை; பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான். லீவரின் நடுவே ஒரு குண்டு இருக்கிறது. அதில்தான் லீவர் ஆடுகிறது. குண்டுக்கு மேலே 12 அங்குலம், கீழே 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கீழ் முனை ஒரு அங்குலம் நகர வேண்டுமென்றால் மேலே கைப்பிடி நாலு அங்குலம் போக வேண்டும். மேலே 10, கீழே 4 என்று மாற்றினால் கைப்பிடி இரண்டரை அங்குலம் போனால் போதும். அவ்வளவுதான் விற்பனை. தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் கட்ட வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. இதே கணக்கில் கைக்கு முன்னைவிட 1.6 மடங்கு பலம் வேண்டும்.

ஜே.சி. ரோடில் மூன்று கடை ஏறி இறங்கிப் பொருளை வாங்கினான். பளபளவென்று கடைந்தெடுத்த ஸ்டீல், கறுப்பு டப்பா. வாகனங்களின் வடிவத்தை மாற்றுவது பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு கடைக்காரர்கள் ஜாக்கிரதையாகப் பேசுகிறார்கள். தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. "கியர் ராடு எத்தனை அங்குலம்னு ஆர்.சி. புக்ல எங்கே சார் எழுதியிருக்கு?" என்று கடைக்காரர் சிரித்தார். எழுதவில்லைதான். ஆனால் புதுக் காராக இருந்தால் வாரண்டிக்காரர் கேள்வி கேட்பார். இருபது வயது தாண்டிய காருக்கு அந்தக் கவலை இல்லை.

மெக்கானிக் ஷெட் பின்பக்கச் சந்து ஒன்றில். மேஸ்திரிக்கு அறுபது தாண்டியிருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டு வயதில் கலாசிபாளையத்தில் பஸ் இறங்கி, லாரி ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்தவர். டப்பாவைப் பிரித்து, ராடைக் கையில் எடுத்து, எடை பார்ப்பது போல் இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"இதை அப்புறம் பார்க்கலாம் தம்பி. முதல்ல கியரைப் போடுங்க, நான் பார்க்கிறேன்."

நியூட்ரலில் இருந்த லீவரை ஒரு விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டினார். அது குழம்புக் கரண்டி மாதிரி ஆடியது. "புஷ்ஷெல்லாம் செத்துப் போச்சு. நீங்க கேக்கறதுல பாதி இதுலயே வந்துடும். புஷ் செட் சில நூறு ரூபா. அதைப் போட்டு ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க. அப்புறமும் வேணும்னா இதைப் போடலாம்."

விற்ற பொருளை மாட்டி கூலி வாங்கிக்கொள்ள வேண்டிய மனிதர், மாட்டாதே என்கிறார். மருமகன் கேட்கவில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அடுத்த மாதம் ஓட்டப் போகிறானாம். அதற்குள் கை பழக வேண்டுமாம். மேஸ்திரி தோளைக் குலுக்கிவிட்டு, இரண்டும் சேர்த்தே செய்துவிடலாம் என்று வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றச் சொன்னார்.

கைப்பிடியைத் திருகி எடுத்து, தோல் உறையையும் நடுவிலிருந்த கன்சோலையும் கழற்ற இருபது நிமிடம்கூட ஆகவில்லை. வேலை முழுக்கக் கீழே. சைலன்சர் பைப்புக்கு மேலே சூடு தாங்கும் தகடு. அதன் போல்ட்டுகள் துருப்பிடித்து ஒன்று உடைந்தே வந்தது. லீவரின் அடியில் கம்பி சேரும் போல்ட் சுலபம். கம்பியின் மறுமுனை கியர் பாக்ஸில் சேரும் இடத்தில்தான் ரோல் பின் என்ற எமன் இருக்கிறான். விரல் நீளம்கூட இல்லாத, சுருட்டிய ஸ்பிரிங் ஸ்டீல் துண்டு. இருபது வருட அழுக்கும் துருவும் சேர்ந்து அதை கியர் பாக்ஸோடு ஒட்ட வைத்திருந்தன. பஞ்சை வைத்து சுத்தியால் அடிக்க வேண்டும். சுத்தியை வீச இடம் இல்லை. மேஸ்திரி துரு எண்ணெய் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து அடித்தார். வெளியே வந்து மருமகனைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். ஒரு மணி நேரம். பின் வெளியே விழுந்த சத்தம் கேட்டபோது பக்கத்து ஷெட்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஓர் அகராதியைப் பார்த்து 'பல்லிணைப் பெட்டி' என்று நானும் ஒரு காலத்தில் கையேடுகளில் எழுதியிருக்கிறேன். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவைகூட அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. மேஸ்திரியிடம் 'ப்ளே' இருக்கிறது, 'டைட்' இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 'கைக்குத் தெரியணும்' என்று ஒன்று இருக்கிறது. புது புஷ்ஷில் கிரீஸ் தடவி ராடை மாட்டிய பிறகு அவர் காரை ஸ்டார்ட் செய்யவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிளட்சை மிதித்து ஒன்றிலிருந்து ஐந்து வரை, ரிவர்ஸ் வரை, பத்துப் பதினைந்து முறை போட்டார். ஐந்தாவது கியரில் லீவர் கன்சோலை உரசுகிறதா என்று தாள் ஒன்றைச் செருகிப் பார்த்தார்.

அவருடைய மகன் ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அங்கே கியர் என்ற பேச்சே இல்லை. கிளட்சை மிதிக்காமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. முறை 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகு, கிளட்ச் பிளேட் வேலையே குறையத் தொடங்கிவிட்டது என்றார். புகாராகச் சொல்லவில்லை. பதிலுக்கு எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை.

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். "அவசரப்பட்டு இழுக்காதீங்க. உள்ள சிங்க்ரோ ரிங்குனு பித்தளையில ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கத்து வேகத்தையும் அது ஒண்ணாக்கணும். அதுக்கு ஒரு மூச்சு நேரம் கொடுக்கணும். கொடுக்கலைன்னா தேஞ்சுடும்." இரண்டாவது, பழைய ராடைப் பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்தார். "தூக்கிப் போடாதீங்க."

மறுநாள் விடிகாலை கனகபுரா சாலையில் ஓட்டிப் பார்த்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும்: அருமையாக இருந்தது. நானே இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். துப்பாக்கிக் குதிரையை இழுப்பது போல் 'டக்', 'டக்'. புஷ் எவ்வளவு, ராடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பாதிக்கு மேல் புஷ்தான் என்று எனக்குப் படுகிறது. மருமகன் ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் ஓட்டும்போது மூன்றிலிருந்து நாலுக்கு இழுத்தவன், கை கொஞ்சம் இடதுபுறம் சாய்ந்ததில் இரண்டில் போட்டுவிட்டான். வழி குறுகிவிட்டதால் பக்கத்துக் கதவு முன்னைவிடக் கிட்டே இருக்கிறது. லீவர் முரண்டு பிடித்ததை வைத்துப் புரிந்துகொண்டு, கிளட்சை விடுவதற்கு முன் வெளியே எடுத்துவிட்டான். விட்டிருந்தால் சக்கரம் என்ஜினைச் சுற்றியிருக்கும். ஆக்ஸிலேட்டரில் வரும் அதிவேகத்தைத் தடுக்க என்ஜினில் கட்டுப்பாடு உண்டு. சக்கரத்திலிருந்து வருவதைத் தடுக்க எதுவும் இல்லை. வால்வு வளைந்து, என்ஜின் வேலைக்கு வந்திருக்கும். சிறிது தூரம் பேசாமல் ஓட்டினான்.

செவ்வாய்க்கிழமை அக்கா காரை எடுத்தார். அல்சூரிலிருந்து ரஸ்ஸல் மார்க்கெட் போய்வர ஒன்றரை மணி நேரம். அக்காவுக்கு இடது கட்டை விரலின் அடியில் சில ஆண்டாக மூட்டு வலி. இத்தனை நாளும் இரண்டு விரலால் கியரைத் தள்ளிப் பழகியவர். சிவாஜி நகர் நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டுக்கும் எத்தனை முறை போனாரோ, திரும்பி வந்து சாவியை மேஜையில் வைத்துவிட்டு விரலை வெந்நீரில் வைத்துக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா அது என் வண்டி இல்ல" என்றார். கோபம் இல்லை. மருமகன் என்னைப் பார்த்தான். நான் 1.6 என்ற எண்ணை நினைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கை அவனுக்கு ஜே.சி. ரோடிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் அதைச் சுவாரஸ்யமான கணக்காக மட்டும் பார்த்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி அதே சந்து. மேஸ்திரி ஏன் என்று கேட்கவில்லை. டிக்கியைத் திறந்து பேப்பர் பொட்டலத்தை அவரே எடுத்தார். இந்த முறை ரோல் பின்னைத் தொட வேண்டியிருக்கவில்லை. லீவரின் அடியில் ஒரு போல்ட், குண்டைப் பிடிக்கும் கவ்வி, அவ்வளவுதான். சூட்டுத் தகட்டின் உடைந்த போல்ட்டுக்குப் பதில் புதிதும் போட்டார். முக்கால் மணி நேரம். புது புஷ்ஷில் பழைய ராடு, கரண்டி ஆட்டம் போய், இரண்டு விரலுக்கு அடங்கி நின்றது.

குட்டை ராடு இப்போது டிக்கியில், அதே பேப்பரில். இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் வாரம் மட்டும் மாற்றிக்கொள்வதாகத் தாய்க்கும் மகனுக்கும் பேச்சு. ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டக் கூலி தனி என்று மேஸ்திரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.