கட்டளையிடக் கற்றேன்

கட்டளை கேட்டுக் கேட்டே வளர்ந்த நமக்குக் கட்டளையிடக் கற்றுத் தருகிறேன் என்றால் கசக்குமா என்ன?

எங்கள் மடத்தில் ஓய்வில் இருக்கும் வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர், விருப்பமுள்ள மாணவியருக்கு மாலையில் அரைமணி நேரம் லத்தீன் சொல்லித் தருகிறார். 1960களில் திருப்பலி தமிழுக்கு மாறும் முன்பே, சிறுமியாக லத்தீன் பூசை கண்டவர் அவர். முதல் வாரத்திலேயே ஏவல் வினையைத் தொடங்கினார். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்!

‘வேனி’ என்றால் ‘வா’. பலரை அழைக்க ‘தே’ சேர்த்து ‘வேனீத்தே’. ‘அவுதி’ என்றால் ‘கேள்’, பலருக்கு ‘அவுதீத்தே’. ‘தீக்’ என்றால் ‘சொல்’, ‘ஃபேர்’ என்றால் ‘சுமந்து வா’. இவை போன்ற சில குறும்புச் சொற்கள் மட்டும் உயிரெழுத்தில் முடியாமல் மெய்யிலேயே நின்றுவிடும். ‘கத்தாதே’ என்பதற்கு ‘நோலி க்ளாமாரே’. ‘கத்த விரும்பாதே’ என்பதே அதன் நேர்ப்பொருளாம். வாயை மட்டுமல்ல, மனத்தையும் அடக்கச் சொல்கிறது!

“பெரியவர்களை ‘வாருங்கள்’ என்று மரியாதையாக அழைக்க எந்த விகுதி, சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“அப்படி ஒரு விகுதி இல்லையம்மா. ஒருவர் என்றால் ‘வேனி’, பலர் என்றால் ‘வேனீத்தே’. அடிமைக்கும் அரசருக்கும் அதே சொல்தான். ‘கொடு’ என்பதற்கு லத்தீனிலும் ஏறக்குறைய நம் ‘தா’தான். ஆண்டவரிடம் கேட்கும்போதும் அதே ‘தா’. நம் செபத்தில் ‘தாரும்’ என்கிறோமே, அந்த ‘உம்’ அங்கே கிடையாது. மரியாதை குரலில்தான் இருக்க வேண்டும்” என்றார்.

மறுநாள் காலை. பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பாட்டியைப் பெயர் சொல்லி, “என் டிபன் பாக்ஸைக் கொண்டா! சீக்கிரம்!” என்று கத்தினேன். “தோ வந்துட்டேன் பாப்பா” என்று ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி ஓடி வந்தார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல். எனக்கோ பதினைந்து!

சுருக்கென்றது. நினைவு தெரிந்த நாள் முதல் அவரை ‘நீ, வா, போ’ என்றுதான் அழைத்து வந்திருக்கிறேன். ரோமாபுரிக்காரர்களிடம் மரியாதை விகுதி இல்லை. என் தாய்மொழியிலோ இருக்கிறது. இருந்தும் அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை!

அன்று மாலை, “பாட்டி, இங்க வாங்க. முதல்ல காபி குடிங்க” என்றேன். யாரையோ அழைக்கிறேன் என்று எண்ணி அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

தோழியரே, ஏவல் ஒருமை எது, பன்மை எது என்று தேர்வில் கேட்டால் பிழையின்றி எழுதிவிடுவேன். வீட்டில்தான் இன்னும் சில நாள் நாக்கு தவறுகிறது. அப்போதெல்லாம் கட்டளையை எனக்கே இட்டுக்கொள்கிறேன்: “நோலி க்ளாமாரே!”

— பத்தாம் வகுப்பு மாணவி