வேட்டைக்கு வழி காட்டியவர்கள்

மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணைப் பாலத்தின் மேல், வானம் தெளிந்த ஒரு மார்கழிக் காலையில் நின்று தென்மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலச் சுவர்போல் தோன்றும். ஊரின் பெயரில் மூங்கிலும் இருக்கிறது, துறையும் இருக்கிறது. கண்ணில் படுவதோ கரும்பு! கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழி விட்டுக்கொண்டேதான் இந்த ஊரில் எவரும் இயற்கைக் காட்சியை ரசிக்க முடியும். ஆற்றில் தண்ணீர் வருவதும் 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணையின் தயவைப் பொறுத்தது.

குதிரை ஏறி வேட்டைக்குப் போவது என்றால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இருவர்தாம் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் ஏரிக்கரையில் மண் குதிரைகள் புடைசூழ வீற்றிருக்கும் ஐயனார். மற்றவர், பொங்கல் கழிந்ததும் மரக்குதிரை வாகனத்தில் பாரிவேட்டைக்கு எழுந்தருளும் சுவாமி. மண் குதிரை இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. மரக்குதிரை அசைகிறது, ஆனால் அதன் கால்கள் உண்மையில் அதைத் தூக்கிச் செல்லும் மனிதர்களின் கால்கள். சுவாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டம் அந்தத் தோள்களைப் பார்ப்பதில்லை.

இந்த விஷயம் என் மனத்தில் ஏறியதற்குக் காரணம் என் வகுப்பு மாணவன் ஒருவன். வட கனடாவின் மலைக்காட்டில் வேட்டையாடிய கனவான் ஒருவரின் படத்தை எங்கிருந்தோ கொண்டுவந்தான். பெரிய முறுக்குக் கொம்பு ஆடு ஒன்று செத்துக் கிடக்கிறது. பக்கத்தில் துப்பாக்கியுடன் அவர் மண்டியிட்டுச் சிரிக்கிறார். "ஐயா, இவர் தனியாகவா போனார்?" என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி.

தனியாகப் போகவில்லை, போகச் சட்டமே இடம் கொடாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வெளிநாட்டார் பெருவிலங்கு வேட்டைக்குப் போவதானால் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன் செல்ல வேண்டும். அம்மாகாணத்தின் வடகோடியில் நூற்றுக்கணக்கான மைலுக்குச் சாலையே கிடையாது. ஆகவே ஏறிச் செல்லச் சில குதிரைகள், மாவும் கூடாரமும் சுமக்கச் சில குதிரைகள் என்று வரிசையாகப் புறப்படுகிறார்கள். பள்ளத்தாக்கில் முகாம் வரையில்தான் குதிரைக்கு வேலை. அதற்குமேல் பாறைச் சரிவில் கால்நடைதான். எதிர்மலையில் நிற்கும் கடாவைத் தொலைநோக்கியால் பார்த்து, கொம்பின் வளையங்களை எண்ணி, எட்டு வயது ஆயிற்றா என்று சொல்ல வேண்டியவர் வழிகாட்டி. ஆகவில்லையென்றால், கொம்பு முழுச் சுற்றும் வராதிருந்தால், அதைச் சுடக் கூடாது. டெலிகிராப் க்ரீக் என்னும் ஊரிலிருந்து டால்டான் இனத்து ஆதிகுடிகள் இந்த வேலையைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்துவந்தார்கள். பழுப்புக் கரடியை வேட்டையாடுவது அம்மாகாணத்தில் 2017 டிசம்பருடன் நின்றது. செம்மறிக் கடாவுக்கும் மூஸ் என்னும் பெருமானுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நம் தமிழ் மலைகளிலும் இதே கதைதான். நீலகிரியிலும் ஆனைமலையை அடுத்த உயர்மலைகளிலும் வாழும் வரையாட்டை வெள்ளைக்காரத் துரைகள் 'ஐபெக்ஸ்' என்று பிழையாகப் பெயரிட்டுத் துரத்தினார்கள். மட்டக்குதிரை செங்குத்துப் பாறையின் அடிவரை கொண்டு விடும். அங்கிருந்து துரைக்கு முன்னால் நடந்தவர் மலைவாசி. வேட்டை இலக்கியத்தில் இவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத 'ஷிகாரி'யாகவே வந்து போகிறார்கள். பெங்களூர் வாசியான கென்னத் ஆண்டர்சன் மட்டும் 1954-ல் வெளியிட்ட தமது முதல் நூலில் பைரா என்னும் காட்டுவாசிக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அவருக்கு அதற்காக ஒரு கும்பிடு போடலாம்.

கல்வராயன் மலையில் நான் நடந்தது வேட்டைக்காக அல்ல என்று சொல்லத் தேவையில்லை. கச்சிராயபாளையம், கோமுகி அணை, வெள்ளிமலை என்று பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். வடபாதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பாதியைப் பெரிய கல்வராயன் என்றும் சொல்வார்கள். முன்னதன் சராசரி உயரம் 2,700 அடி, பின்னது 4,000 அடி. அங்கே வாழும் 'மலையாளி'கள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசுகிறவர்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்கிறவர்கள். தேசம் சுதந்திரம் பெற்ற பின்னும், 1976-ல் சர்க்கார் மலையை ஏற்கும்வரை, அவர்கள் ஜாகீர்தார்களின் கீழேயே இருந்தார்கள் என்பதைக் கீழ்நாட்டிலே பலர் அறியார்.

எனக்கு வழி காட்டியவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். செருப்பில்லாத கால். பத்தடி நடந்ததும் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துக் காற்றின் திசை பார்த்தார். எனக்கு வெறும் புற்றாகத் தெரிந்ததைக் காட்டி, "கரடி தோண்டியிருக்குது, வாத்தியாரே. மண்ணு இன்னும் ஈரம். ராத்திரிதான்" என்றார். கிழங்குக்காகப் பன்றி உழுத இடம், முள்ளம்பன்றி உதிர்த்த முள், ஒரு மரப்பட்டையில் ஆளுயரத்துக்கு நகக் கீறல்: என் கண்முன்னே இருந்த காட்டில் நான் பார்க்காத இன்னொரு காடு இருந்தது.

"இந்த மலைக்குக் குதிரை வந்ததுண்டா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"அடிவாரத்தோட சரி. இந்தக் கல்லு அதுக்கு ஆவாது. துரைமாருங்க இறங்கி நடப்பாங்களாம். எங்க பாட்டன் முன்னால போவாராம். தோலும் கொம்பும் அவங்களுக்கு. கறியிலே கொஞ்சம் எங்களுக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன, சாமி? துப்பாக்கியும் இல்லே, துரையும் இல்லே. இதெல்லாம் தெரியுது. அவ்வளவுதான்."

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. மிகவும் நியாயமான சட்டம். இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொன்னவர்கள், வழி காட்டியவனின் அறிவை எங்கே வைப்பது என்று எல்லா இடத்திலும் யோசிக்கவில்லை. யோசித்த இடம் ஒன்று உண்டு. மூணாறு எரவிக்குளத்தில் தேயிலைத் தோட்டத் துரைகள் தம் வேட்டைக்காடாகக் காத்த புல்வெளியில், முதுவர்களையே காவலர்களாக வைத்தார்கள். 1971-ல் அரசாங்கம் அந்நிலத்தை ஏற்றது. 1975-ல் அது சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. வரையாட்டின் மிகப் பெரிய கூட்டம் இன்றும் அங்கேதான் மேய்கிறது. வரையாடு நம் மாநில விலங்கு. தமிழ்நாட்டில் 2024-ல் எடுத்த கணக்கில் 1,031, 2025-ல் 1,303.

கல்வராயனில் வரையாடு இல்லை. அந்தப் பேச்சும் இல்லை. மலையில் நடக்கத் தெரிந்த காலுக்கு மட்டும் எப்போதும் கிராக்கி இருக்கிறது. செம்மரத் தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் போலீஸார் சுட்டு இறந்த 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலியாட்கள். அவர்களில் பலர் ஜவ்வாது, சித்தேரி முதலிய மலைகளைச் சேர்ந்தவர்கள். மரத்துக்குச் சொந்தக்காரராகப் போகிறவர் எவரும் அன்று அந்தக் காட்டில் இல்லை.

இறங்கும்போது பெரியவரின் பேரனும் கூட வந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். தாத்தா கேட்காமலேயே ஓரிடத்தில் குனிந்து, "கடமான், குட்டியோட" என்றான். வனக் காவலர் வேலைக்குப் பரீட்சை வைக்கிறார்களாமே, அதில் கால்தடம் பற்றிக் கேள்வி வருமா என்று பெரியவர் என்னைக் கேட்டார். பழைய வினாத்தாள்களைத் தேடிப் பார்த்து, அடுத்த வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அவர் வரும்போது சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.