அமர்வதற்கு ஓர் ஆசனம்

நம் வீட்டுக் கூடங்களில் ஸோபாவைப் போலச் சங்கடமான பதவி வகிப்பது வேறொன்றுமில்லை. அமர்வதற்கென்றே வாங்கிய பொருள் அது. ஆயினும் குழந்தைகள் அதன்மேல் ஏறக்கூடாது. பாட்டி சாய்ந்தால் தலை எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் துலக்கும் அம்மாளோ அதன் அருகிலும் போகக்கூடாது. காரணம் கேட்டால், "துணி பாழாகிவிடும்" என்கிறோம்.

துணி எதனால் பாழாகிறது என்று சற்று விசாரித்தால், நாம் அஞ்சும் மனிதர்கள் பெரும்பாலும் நிரபராதிகள் என்பது விளங்கும். முதற் குற்றவாளி தூசி. மண் துகள்களின் கூரிய விளிம்புகள் நெசவின் இடுக்கில் புகுந்து, ஒவ்வோர் அசைவிலும் நூலை அராவுகின்றன. வாரம் ஒரு முறை மெல்லிய தூரிகையாலோ, தூசி உறிஞ்சும் யந்திரத்தாலோ மடிப்புகளையும் ஓரங்களையும் சுத்தம் செய்துவிட்டால், துணியின் ஆயுள் தானே நீளும். இரண்டாவது குற்றவாளி ஜன்னல் வெயில். அது சாயத்தை வெளுக்கச் செய்வதோடு நூலின் வலிமையையும் குறைக்கிறது. பட்டு இதற்கு விரைவில் இரையாகும்.

மூன்றாவது குற்றவாளி நம்முடைய பதற்றமே. காப்பி சிந்தியவுடன் கையில் அகப்பட்டதைக் கொண்டு பரபரவென்று தேய்க்கிறோம். தேய்க்கத் தேய்க்கக் கறை உள்ளே இறங்குமேயன்றி வெளியே வராது. வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுப்பதே முறை. பால், முட்டை, இரத்தம் இவற்றின் கறைக்கு வெந்நீர் ஆகாது. முட்டை வெந்து இறுகுவது போலவே கறையும் நூலில் இறுகிவிடும். குளிர்ந்த நீரே போதும். எண்ணெய் பட்ட இடத்தில் மாவைத் தூவிச் சிறிது நேரம் விட்டால், எண்ணெயின் பெரும் பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும்.

சாம்பார்க் கறையின் கதை தனி. மஞ்சள் தடவிய காகிதத்தில் ஸோப்பு நீர் பட்டதும் சிவப்பதை வகுப்பில் காட்டினால் மாணவர்கள் கை தட்டுகிறார்கள். அதே வித்தை வீட்டு உறையில் நடந்தால் திடுக்கிடுகிறோம்! அஞ்ச வேண்டியதில்லை. வெள்ளைப் பருத்தி உறையானால் நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள். மஞ்சளின் நிறத்தைச் சூரியனே கொண்டு போய்விடுவான். வர்ண உறையை மட்டும் நிழலில் உலர்த்த வேண்டும்.

பருத்தி காரத்தைத் தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்கா. அவற்றுக்குச் சலவை ஸோடா விரோதி. பூந்திக்கொட்டை நீர் நல்ல துணை. எதைப் பிரயோகிக்கும் முன்பும், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஈர வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது அவசியம். உள்ளே இருக்கும் இலவம்பஞ்சை நனைத்துவிட்டால் எளிதில் உலராது; பூஞ்சை பிடித்து நாறும்.

இத்தனை தொல்லைக்கும் எளிய பரிகாரம், கழற்றித் துவைக்கக்கூடிய கைத்தறி உறைகள் இரண்டு ஜதை வைத்துக்கொள்வதுதான். தைக்கக் கொடுக்கும் முன்பே துணியை நனைத்து உலர்த்திவிடுங்கள்; இல்லையேல் முதற் சலவையில் சுருங்கி, மெத்தையில் ஏற மறுக்கும்.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கம் பிரகடனமாயிற்று. அதன் நினைவாக 2015 முதல் அந்நாளைத் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடி வருகிறோம். அன்று ஆர்வத்தோடு துணி வாங்குகிறவர்கள் பலர். வாங்கியதை நன்கு பேணிப் பல ஆண்டுகள் உழைக்கச் செய்வதும், நெய்தவருடைய உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையே அல்லவா?

அந்த மரியாதை துணியோடு நின்றுவிடலாகாது. உறை அழுக்கானால் கழற்றித் துவைத்துவிடலாம். "இங்கே உட்காராதே" என்ற சொல் ஒருவர் மனத்தில் விட்ட வடுவை எந்தப் பூந்திக்கொட்டை நீர் போக்கும்? ஆகவே உறையை மாற்றிப் போடும் நாளில், அதைத் துவைத்துத் தந்த அம்மாளிடமே முதலில், "உட்காருங்கள், அம்மா" என்று சொல்லுங்கள்.