மேசைமேல் மூன்று புட்டி

சாப்பிட்ட தட்டுகள் தொட்டிக்குப் போய்விட்டன. மேசையைத் துடைத்த ஈரம் காயட்டும் என்று பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நெடிய உருவம்; இப்போது தோளில் கொஞ்சம் கூன் விழுந்திருக்கிறது. வலது கைக் கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து, பிளந்தவாக்கிலேயே வளர்ந்திருக்கிறது. என்றோ ஒரு நாள் பீப்பாய் ஒன்று அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. சரக்கு நிரம்பிய பீப்பாய் 200 கிலோவுக்கு மேல் எடை.

அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து பார்ட்ஸ்டவுன். ஊரைச் சுற்றி விஸ்கிக் கிடங்குகள். பல அடுக்கு உயரத்துக்கு வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். கிடங்குகளை ஒட்டிய மரங்களின் பட்டையும் வேலிக் கம்புகளும் கன்னங்கரேலென்று இருக்கும். பீப்பாயிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் ஆல்கஹாலைத் தின்று வளரும் ஒரு பூஞ்சையின் வேலை அது. பெரியவர் அந்தக் கிடங்குகளில் பீப்பாய் உருட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி புட்டியில் அடைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். நான் மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்களை ஓரத்து நாற்காலி எனக்கு. யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை, நானும் பேசுவதில்லை.

இன்றைக்குப் பேரன் வந்திருக்கிறான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். முகம் தொங்கிக் கிடக்கிறது. கடை ஒன்றில் பாப்பி வான் விங்கிள் புட்டிக்குக் குலுக்கல் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பெயருள்ள பர்பன் விஸ்கி வெளிச்சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. கடை விலைக்குக் கிடைப்பது குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்குத்தான்.

“காலையிலேயே போய் நின்னேன் தாத்தா. என் பேரு வரல.”

பெரியவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றாக மூன்று புட்டிகளை எடுத்தார். எவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள். வைல்ட் டர்க்கி 101. ஓல்ட் கிராண்ட்டாட் பாண்டட். மூன்றும் எந்தக் கடையிலும் குலுக்கல் இல்லாமல் கிடைப்பவை. ஒவ்வொன்றும் 30 டாலருக்குள் அடங்கும்.

மேசையில் வைத்த பிறகு அவற்றை ஒருமுறை திருப்பி, லேபிள்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி நிறுத்தினார். இது கிடங்குப் பழக்கம். பீப்பாயின் வயிற்றில் ஒரு துளை இருக்கும். பாப்லர் மரக்கட்டையால் அதை அடித்து அடைப்பார்கள். பீப்பாய் தன் இடத்துக்குப் போய்ச் சேரும்போது அந்தத் துளை நேர் மேலே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு கசியும். மரச்சட்டத்தின்மேல் உருட்டிவிட்ட பீப்பாயை நடுவழியில் திருத்த முடியாது. எத்தனை தூரம் போகப்போகிறது, அதற்குள் எத்தனை சுற்று சுற்றும் என்று கணக்குப் போட்டு, துளையை அதற்கேற்ற கோணத்தில் வைத்து உருட்டத் தொடங்க வேண்டும். காகிதம் பென்சில் இல்லாமல், அடுத்த பீப்பாய் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது போடுகிற கணக்கு. கண்ணில் அந்தக் கணக்கு ஊறிப்போன மனிதர் இவர்.

பேரன் வாங்கித் தந்த துலிப் வடிவ கிளாஸ் அலமாரியில் இருக்கிறது. பாட்டியம்மா அதைத் தொடவில்லை. பழச்சாறு குடிக்கும் தடித்த கிளாஸ்கள் மூன்றை எடுத்து, சூடான தண்ணீரில் மட்டும் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வைத்தார். சோப்பு வாசனையும் துணி வாசனையும் ஒட்டக்கூடாது. மூன்று சரக்குக்கு மூன்று கிளாஸ், கிளாஸ்தான் கைமாறும். ஊற்றியதும் அவர்தான். ஒவ்வொன்றிலும் அடிமட்டத்தில் ஒரு விரல்கடை உயரம், அவ்வளவுதான். மூன்றும் ஒரே மட்டத்தில் நின்றன.

“ஐஸ்?” என்றான் பேரன்.

“பின்னாடி போட்டுக்க. முதல்ல அது என்னன்னு தெரியட்டும்.”

பெரியவர் எவன் வில்லியம்ஸ் புட்டியைத் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். கழுத்தோரம் குமிழிகள் எழுந்தன; பெரிய குமிழிகள். விறுவிறுவென்று உடைந்து மறைந்தன. வீரியம் குறைந்த சரக்கில் குமிழி சிறுத்து, நேரம் எடுத்துக்கொண்டு அடங்கும். பேரன் புட்டியை வாங்கித் தானும் குலுக்கிப் பார்த்தான்.

இந்த மூன்றையும் அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. முதலாவதும் மூன்றாவதும் 100 ப்ரூஃப், அதாவது 50 சதவீத ஆல்கஹால். நடுவில் இருப்பது 101. வீரியம் ஏறத்தாழ ஒன்று. நாற்பது சதவீதத்தையும் ஐம்பது சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துக் குடித்தால் நாக்கு காரத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு ஓய்ந்துவிடும். காரம் சமமாகிவிட்டால் அப்புறம் தானியமும் மரமும்தான் பேச வேண்டும்.

முதல் கிளாஸ். பெரியவர் மூக்கை உள்ளே விடவில்லை. உதட்டைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸை மோவாய்க்குக் கீழே பிடித்து, மெதுவாக மேலே கொண்டுவந்தார். வாய் திறந்திருந்தால் ஆல்கஹால் நெடி மூக்கை அடைக்காது. முதல் மிடறு சிறியது. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அது நாக்கைப் பழக்க. இரண்டாவது மிடறை வாயில் வைத்து, தாடை அசைய மெல்லத் தொடங்கினார். திரவத்தைப் போய் மெல்லுகிறாரே என்று தோன்றும். பர்பன் வடிப்பாளர் ஜிம் பீமின் பேரன் புக்கர் நோ பரப்பிய முறை இது. கென்டக்கி மெல்லல் என்றே ஊருக்குள் பெயர். நாக்கின் நுனி, ஓரம், அண்ணம், ஈறு என்று எல்லா இடத்துக்கும் சரக்கு போய்வருகிறது. விழுங்கிய பிறகு கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. சட்டைப் பொத்தானுக்குக் கீழே நெஞ்சில் கையை வைத்தபடி சும்மா இருந்தார். சூடு இறங்குகிற இடம் அது.

கிளாஸ் என் பக்கமும் வந்தது. முகர்ந்தேன். கருப்பட்டிப் பாகு கொதித்து இறக்கும் நேரத்து மணம். அதற்கு அடியில் வனிலா. இவை எதுவும் வெளியிலிருந்து சேர்த்தவை அல்ல. பர்பனில் நிறமோ மணமோ சேர்க்கச் சட்டம் இடம் தராது. உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் சரக்கை ஊற வைக்க வேண்டும். நெருப்பு பட்டதும் மரத்திலுள்ள சர்க்கரைகள் கருகிப் பாகாகின்றன. மரத்தின் லிக்னினிலிருந்து வனிலின் பிறக்கிறது. கோடையில் கிடங்கு காயும்போது சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கித் திரும்பி வரும். வருடக்கணக்கில் இந்தப் போக்குவரத்து நடந்துதான் அந்தச் செம்பழுப்பு நிறம்.

வெள்ளை லேபிளில் இன்னொரு உறுதிமொழியும் இருக்கிறது: பாட்டில்ட் இன் பாண்ட். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விஸ்கி என்ற பெயரில் சாயமும் புகையிலைச் சாறும் கலந்த சாராயம் அமெரிக்காவில் தாராளமாக விற்றது. அதைத் தடுக்க 1897-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே வடிசாலை, ஒரே பருவத்தில் வடித்தது, அரசு மேற்பார்வையுள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, புட்டியில் சரியாக 100 ப்ரூஃப். இந்த நான்கு நிபந்தனையும் மலிவுப் புட்டிக்கும் உண்டு, பெருவிலைப் புட்டிக்கும் உண்டு. 20 டாலரை ஒட்டிய விலையில் இப்படியொரு உறுதியோடு வேறு எந்தப் பானம் கிடைக்கிறதென்று எனக்குத் தெரியாது. விலை குறைவு என்பதற்காக இதைக் கோலாவில் கரைத்துக் கண்ணை மூடிக் குடிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நான்கு வருடம் அதைக் காத்தவர்கள் இருக்கிறார்கள்.

காத்ததைப் பறிகொடுத்தவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். 1996 நவம்பர் 7 அன்று, எவன் வில்லியம்ஸ் தயாரிக்கும் ஹெவன் ஹில் நிறுவனத்தின் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. அன்றைக்குக் கடுங்காற்று. ஏழு கிடங்குகளும் வடிசாலையும் எரிந்துபோயின. சுமார் 90,000 பீப்பாய் நாசம். எரியும் விஸ்கி சரிவில் ஆறாக இறங்கி ஓடியது. உயிர்ச்சேதம் இல்லை. போட்டி நிறுவனங்கள் தங்கள் வடிசாலைகளில் ஹெவன் ஹில்லுக்காகச் சரக்கு வடித்துக் கொடுத்தன. 1999-இல் அந்த நிறுவனம் லூயிவில் நகரத்து பெர்ன்ஹைம் வடிசாலையை வாங்கி வேலையைத் தொடர்ந்தது. பெரியவர் இதைப் பற்றி என் காதுபட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நவம்பர் மாதக் காற்று ஜன்னலை உலுக்கும்போது மட்டும் ஒருமுறை எழுந்து வெளியே பார்த்துவிட்டு வந்து உட்காருவார்.

இரண்டாவது கிளாஸ் வைல்ட் டர்க்கி. லாரன்ஸ்பர்க்கில் வடிப்பது. ஜிம்மி ரஸ்ஸல் 1954-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அவர் மகன் எடி அப்பாவுக்குப் பின்னால் வந்தார். அவர்களுடைய பீப்பாய்கள் ஆழமாகக் கருக்கப்பட்டவை. உள்பக்கம் முதலைத் தோல் மாதிரி வெடித்துவிடும் என்பதால் அதற்கு முதலைக் கருக்கல் என்றே பெயர். பெரியவர் இந்தக் கிளாஸிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்தார். ஆல்கஹால் பறந்துவிட்டது. கைகளைக் குவித்து முகர்ந்தார். பிறகு அப்படியே பேரன் முகத்துக்கு நேரே நீட்டினார். பிளந்த நகமும் காய்ப்பேறிய உள்ளங்கையும். பேரன் குனிந்து முகர்ந்தான்.

“மரம்,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “சோளம்.”

“அவ்ளோதான் அதுல இருக்கு.”

பர்பனில் மக்காச்சோளம் 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மிச்சம் ரை தானியமும் முளைகட்டிய பார்லியும். சில வடிசாலைகளில் ரைக்குப் பதில் கோதுமை. பேரன் குலுக்கலில் தேடிய பாப்பி அப்படித்தான். சோளம் இனிப்பு, ரை காரம், கோதுமை மென்மை. விலையை ஏற்றுவது தானியம் அல்ல, காலம். கென்டக்கி வெயிலில் வருடாவருடம் பீப்பாயிலிருந்து சில சதவீதம் ஆவியாகிப் போய்விடும். தேவதைகளின் பங்கு என்பார்கள். 20 வருடம் கிடந்த பீப்பாயில் பாதிக்கு மேல் காற்றோடு போயிருக்கும். மிஞ்சியதற்கு விலை ஏறத்தானே செய்யும்.

“பழசு நல்லாருக்கும். ஆனா மேல் மாடியில ரொம்ப நாள் கிடந்தா மரத்தைக் கடிச்ச மாதிரி ஆயிடும். நான் உருட்டினதுலயே அப்படி நிறைய இருக்கு,” என்றார் பெரியவர். இன்றைக்கு அவர் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

மூன்றாவது ஓல்ட் கிராண்ட்டாட். லேபிளில் ஒரு முதியவரின் உருவம், பேசில் ஹேடன். அவருடைய பேரன் ரேமண்ட் ஹேடன் தன் தாத்தாவை வைத்து ஆரம்பித்த பெயர் அது. ரை இதில் சுமார் 27 சதவீதம், மற்ற இரண்டைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேல். பாட்டியம்மா அதுவரை குடிக்கவில்லை. இந்தக் கிளாஸை மட்டும் வாங்கி, ஒரே ஒருமுறை முகர்ந்தார்.

“வேர்க்கடலை,” என்றார்.

பெரியவர் கிளாஸைத் திரும்ப வாங்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். “ஆமா ஹனி,” என்றார். இந்த வீட்டில் மூக்கு பாட்டியம்மாவுடையது. அதைப் பெரியவர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டார். பாட்டியம்மா சொன்ன பிறகு எனக்கும் அது வந்தது, தோலோடு வறுத்த கடலை. அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ.

பேரன் குடித்துப் பார்த்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாட்டியம்மா தேக்கரண்டியில் தண்ணீர் எடுத்துவந்து, கிளாஸில் சொட்டுச் சொட்டாக விட்டார். கிளாஸுக்குள் எண்ணெய் இழைகள் மாதிரி ஏதோ நெளிந்து கலந்தது. கிளாஸைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னார். யாரும் பேசவில்லை. வானொலியில் கூடைப்பந்து ஆட்ட வர்ணனை. கென்டக்கி பல்கலைக்கழக அணி பின்தங்கியிருக்கிறது. பேரன் வழக்கமாக அதற்குக் கத்துவான், இன்று காதில் வாங்கவில்லை. கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மிடறை வாயில் வைத்து, தாத்தாவைப் பார்த்து, அவரைப் போலவே தாடையை அசைத்தான்.

“மிளகு. அப்புறம்... பட்டை?”

“அப்புறம்?”

“தெரியல. போய்ட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது.”

பெரியவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அந்த வீட்டில் அதுவரை பார்த்ததில்லை. அவனுடைய பதில் சரியா தப்பா என்று அவர் சொல்லவே இல்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் கிளாஸை மறுபடி அவனிடம் தள்ளினார். இப்போது இதைக் குடி, மூன்றாவதற்குப் பின்னால் இது எப்படி இருக்கிறது பார் என்பதுபோல் ஒரு கையசைப்பு. பேரன் குடித்தான். புருவம் உயர்ந்தது.

“இனிக்குது!”

“முன்னாடி இனிக்கலையா?”

“இவ்ளோ இல்ல.”

அதற்கப்புறம் அவர்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை. முன்னும் பின்னுமாகக் கிளாஸ்கள் நகர்ந்தன. ஒரு விரல்கடை சரக்கு அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று நான் நினைத்ததில்லை. யாரும் இரண்டாம் முறை ஊற்றவில்லை. பேரன் கைபேசியை எடுத்து, பாட்டி சொன்ன வேர்க்கடலையையும் தான் சொன்ன பட்டையையும் குறித்துக்கொண்டான். பாப்பி வான் விங்கிள் பற்றி அதற்குமேல் பேச்சு வரவில்லை.

அவன் கிளம்பும்போது பெரியவர் ஓல்ட் கிராண்ட்டாட் புட்டியின் மூடியை இறுக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்.

“உங்களுக்கு வேணாமா தாத்தா?”

“எங்கிட்ட இன்னொன்னு இருக்கு.”

“இன்னும் மூணு இருக்கு,” என்றார் பாட்டியம்மா, கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே. “ஞாயித்துக்கிழமை வா. அந்த நல்ல கிளாஸையும் எடுத்து வைக்கிறேன்.”