டிராவுக்கு அப்புறம் வர்ற நம்பர்

டிரா ஆன செஸ் ஆட்டத்துக்கு ரெண்டு ஆயுள். கை குலுக்கினதும் முதல் ஆயுள் முடியும். ராத்திரி எஞ்சின்ல போட்டுப் பார்க்கும்போது ரெண்டாவது தொடங்கும். ஆளைப் படுத்துறது இந்த ரெண்டாவதுதான்.

காரைக்கால்ல எங்க ஹாஸ்டல்லயே பார்த்தேன். ரூம்மேட் ஒரு சீனியரோட ஆடினான். கடைசியில ஆளுக்கொரு யானை, இவனுக்கு ஒரு சிப்பாய் கம்மி. விடாம நின்னு டிரா பண்ணிட்டான். மெஸ்ல அன்னிக்கு அவன்தான் ஹீரோ. சாப்பிட்டு வந்து போன்ல ஸ்டாக்ஃபிஷ்ஷை ஓட்டினான். நடு ஆட்டத்துல ஒரு இடத்துல அவனுக்கு +3.4. ஜெயிக்க வேண்டிய ஆட்டமாம்! முகம் தொங்கிப் போச்சு. போராடி வாங்கின அரைப் புள்ளி, அஞ்சு செகண்ட்ல நஷ்டக் கணக்காயிடுச்சு.

அந்த நம்பருக்கு ஒரு நிபந்தனை உண்டு மக்களே. இதுக்கப்புறம் எஞ்சின் மாதிரியே ஆடினாத்தான் அந்தச் சாதகம். அந்த வழி மனுஷக் கண்ணுக்குப் படுமான்னு அது சொல்லாது.

2018 லண்டன் உலக சாம்பியன்ஷிப், ஆறாவது ஆட்டம். கார்ல்சனும் கருவானாவும் 80 நகர்த்தல் ஆடி டிரா. ஆனா 68-வது நகர்த்தல்ல பிஷப்பை எச்4-க்குக் கொண்டு போயிருந்தா கருவானாவுக்கு வெற்றின்னு, நார்வேயில ஓடின செஸ்ஸே என்ற சூப்பர் கம்ப்யூட்டர் காட்டிச்சு. அதுக்கப்புறம் குதிரையை ஜி1-ல, தானே போய் மாட்டிக்கிற மாதிரி வைக்கணும். அதை யார் யோசிப்பாங்க?

நம்ம குகேஷையே எடுத்துக்கோங்க. 2024 டிசம்பர் 3, சிங்கப்பூர், ஏழாவது ஆட்டம். எஞ்சின் கணக்குல வெற்றி நிலையில இருந்தும், டிங் லிரென் தாக்குப்பிடிச்சதால 72 நகர்த்தல்ல டிரா. டிசம்பர் 12, பதினாலாவது ஆட்டத்துல நேர் எதிர். ஒரு சிப்பாய் கூடுதல், ஆனா எஞ்சின் 'டிரா'ன்னே சொல்லிட்டிருந்தது. குகேஷ் விடல. 55-வது நகர்த்தல்ல டிங் யானையைத் தப்பா நகர்த்தினார். 18 வயசுல உலக சாம்பியன்.

அதனால ரூம்மேட்கிட்ட ஒண்ணு சொன்னேன்: "முதல்ல ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நீ என்ன நெனச்சேன்னு எழுதுடா, அப்புறம் எஞ்சினைத் தொறக்கலாம்." எழுதினான். +3.4 வந்த இடத்துல, தன் ராஜாவுக்கு ஆபத்துன்னு பயந்து பின்வாங்கியிருக்கான். அது அடுத்த ஆட்டத்துக்கான பாடம். அதைவிட முக்கியமானது அதுக்குக் கீழே இருந்தது. கடைசி 25 நகர்த்தலும் 0.00. சிப்பாய் கம்மியா இருந்தும் எஞ்சின் ஒரு தடவைகூட அவனைக் குறை சொல்லல.

+3.4-ஐ மட்டும் பார்த்தவன் அந்த 25-ஐப் பார்க்கவே இல்ல. செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் நாம பண்றதும் இதேதானே?