இணைந்த இரு சுண்டெலிகள்

தமிழ் பயில வந்த எமக்கு எலியின் வயிற்றில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைப்பர். தொல்காப்பியத்தை மூடிவைத்துவிட்டு, விலங்கியல் பயிலும் தோழரின் மேசைமீது கிடக்கும் ஆராய்ச்சித் தாள்களைப் புரட்டுவது எமக்கு வழக்கமாகி ஓராண்டு ஆகின்றது. அதற்குக் காரணம் எம் அத்தையார்.

அவருக்கு வயிறு பருத்தது, பசி குன்றிற்று. வாயு என்றெண்ணி வீட்டார் சீரகக் கஷாயம் கொடுத்தனர். சூலகத்துப் புற்றுநோய் என்று தெரியவந்தபொழுது, குடலுக்கு முன்னே திரைபோலத் தொங்கும் கொழுப்புப் படலம் முழுவதும் அந்நோய் பரவிவிட்டிருந்தது. சூலகமோ இடுப்பெலும்பின் உட்புறத்தது. அத்திரையோ இரைப்பையின் கீழ்விளிம்பிலிருந்து தொங்குவது. “அங்கிருந்து இங்கே எப்படி ஏறிற்று?” என்று அத்தையார் கேட்டார். தம் நோயைக் குறித்து அவர் கேட்டது அவ்வொன்றே. சென்ற லெந்து நாட்களில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

உதிர்ந்த நோயணுக்கள் வயிற்றறையின் நீரில் மிதந்து சென்று ஒட்டிக்கொள்ளும் என்று மருத்துவர் விடை கூறியிருந்தார். அது பொய்யன்று, மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவருவதும் அதுவே. ஆயினும், மிதந்து செல்வது எங்கும் செல்லுமன்றோ? அக்கொழுப்புத் திரையை அது அத்துணை விரும்பி நாடுவானேன்?

இவ்வையத்தைத் தொட்ட ஆராய்ச்சியொன்று, அமெரிக்க நாட்டின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் நிலையத்தில் சுனிலா பிரதீப், அனில் சூத் முதலியோரால் நிகழ்த்தப்பெற்று 2014-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு சுண்டெலிகளைப் பக்கவாட்டில் தோலோடு தோல் சேர்த்துத் தைத்தனர். சில நாட்களில் நுண்ணிய குருதிக்குழாய்கள் ஒன்றினின்று மற்றொன்றிற்கு வளர்ந்து, இருவுடற் குருதியும் கலந்தோடும். வயிற்றறைகளோ கலவா. இம்முறை புதிதன்று, 1860-களிலேயே பிரான்சில் பால் பெர்ட் என்பார் எலிகளை இவ்வாறு இணைத்துள்ளார். ஹூஸ்டனில் ஓர் எலிக்கு மட்டும் சூலகப் புற்றணுக்களை ஏற்றினர். பின்னர் மற்றதன் உடலிலும் கட்டி கண்டது; அதுவும் சிறப்பாக அக்கொழுப்புத் திரையிலே கண்டது! நீர்வழி அடைபட்டிருந்தமையால், நோய் குருதிவழியே சென்றிருத்தல் வேண்டும்.

திரையை நாடிய காரணத்தையும் அவர்கள் தேடினர். புற்றணுவின் மேற்புறத்தே ‘எர்ப்-பி3’ என்னும் ஏற்பிப் புரதம் மிகுந்திருந்தது. அதனோடு பொருந்தும் ‘நியூரெகுலின்’ என்னும் பொருள் கொழுப்புத் திரையில் மிகுந்திருந்தது. ஏற்பியைக் குறைத்தபொழுது திரையிற் பரவுதலும் குறைந்தது. மார்புப் புற்றுநோயால் மாண்ட 735 பேருடைய குறிப்புகளை ஆய்ந்து, விதை எங்கும் விழினும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்று இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இல் எழுதினார். அவர் உவமையாற் சொன்னதற்கு, இங்கே விதையின் பெயரும் நிலத்தின் பெயரும் கிடைத்தன என்னலாம்.

நோயேற்றப்பட்டதை ‘ஓம்பும் எலி’ என்றும், இணைக்கப்பட்டதை ‘விருந்தெலி’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களால் அவர்கள் வழங்குகின்றனர். விருந்து என்பதற்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய் வந்தோர்க்கு உணவளித்தல் நம் மரபு. இவ்விருந்துக்குக் கிடைத்ததோ நோய். இப்பெயரை எம்மால் இன்றளவும் மனங்கூசாது படிக்க இயலவில்லை.

“அந்த எலி என்ன பாவம் செய்தது?” என்று தோழர் கேட்டார். எளிதில் தள்ளத்தக்க வினாவன்று அது. இயன்றவிடத்து வேறு வழி கொள்க, எண்ணிக்கையைக் குறைக்க, துன்பத்தைத் தணிக்க என ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் 1959-இல் நூலெழுதி வற்புறுத்தினர். கண்ணாடிக் கலத்தில் வளரும் அணுக்களுக்குக் குருதியோட்டமுமில்லை, கொழுப்புத் திரையுமில்லை. ஆகவே இச்சோதனை வேண்டியதே என்பது எம் கருத்து. தோழர் இன்னும் உடன்படவில்லை.

எலி கூறும் சான்றுக்கும் எல்லையுண்டு. சுண்டெலிக்குத் தானாக இந்நோய் வருதல் அரிது. இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் மனித அணுக்களை, அவற்றை எதிர்க்கும் ஆற்றல் குன்றிய எலிகளிலே ஏற்றுகின்றனர். நோயோடு போராடும் முழுவலிமை அவற்றிற்கு இல்லை. ஒரு பெண்ணின் உடலில் எத்துணைப் பங்கு நீர்வழி, எத்துணைப் பங்கு குருதிவழி என்பதை இணைந்த அவ்விரண்டு எலிகள் அளந்து சொல்லமாட்டா. இரண்டாவது வழி ஒன்று உண்டென்பதையே அவை காட்டின.